விதானையார் கேட்கச் சொன்ன ஜீன் போம்

“...எண்டபடியால், அந்த ஜீன் போம் ஒண்டு தாங்கோ தம்பி. விதானையார் உங்களிட்டத்தான் இருக்குமெண்டு சொன்னவர்.”

றோசலின் அக்கா இதைச் சொல்லிக்கொண்டேதான் கடைக்குள் ஏறினார். பேச்சின் முற்பாதி வெளியே, ஓட்டோக்காரனிடமோ வாசலில் நின்ற கழுதையிடமோ நடந்து முடிந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது பிற்பாதி.

என் கடை மன்னார் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு போட்டோக்கொப்பி மெஷின், இரண்டு கதிரை, சுவர் முழுக்க விண்ணப்பப் படிவங்கள். படிவத்தை எங்கள் ஊரில் போம் என்றுதான் சொல்வோம். பிறந்ததற்கு ஒரு போம், செத்ததற்கு ஒரு போம், காணிக்கு, படகுக்கு, தொலைந்துபோன அடையாள அட்டைக்கு ஒவ்வொன்று. எங்கள் கிராம அலுவலரான விதானையார் தனக்கு விளங்காத எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்: “சூசையிட்ட போம் இருக்கும், வாங்கி நிரப்பிக்கொண்டு வாங்கோ.”

அந்தச் சூசை நான்தான்.

“என்ன போம் அக்கா?”

“உங்கட குடும்பத்து ஜீனில பழுதில்லை எண்டு எழுதிற போம். நீங்கள் நிரப்பித் தாங்கோ. விதானையார் பாத்துக் கையெழுத்து வைப்பார். சமாதான நீதவானிட்ட ஒரு சீலும் அடிச்சால் காணும்.”

வேலித் தகராறு ஒன்றைப் பார்க்க வரச்சொல்லி அந்த விதானையாரை நான் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலி கண்ணுக்குத் தெரிகிற சாமான். அதைப் பார்க்க நேரமில்லாத மனிதர் என் ஜீனைப் பார்த்துக் கையெழுத்து வைக்கச் சம்மதித்திருக்கிறார் என்றால், அது பெரிய மரியாதைதான்.

ஆனால் சிரிக்கிற நிலைமையில் நான் இருக்கவில்லை. றோசலின் அக்கா பேசாலையில் கருவாடு வியாபாரம் செய்கிறவர். அவருடைய ஒரே மகன் ஜூட்டுக்குத்தான் என் ஒரே மகள் டிலானியைப் பேசியிருந்தோம். அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த நாள் பின்னேரத்துக்குள் பிள்ளைகள் இரண்டு பேரின் ஞானஸ்நான அத்தாட்சியும் கொப்பியும் சுவாமியாரின் அறைவீட்டுக்குப் போயாக வேண்டும்.

எங்கள் கோயிலில் ஒரு கல்யாணத்தை மூன்று ஞாயிறு பூசையில் எல்லாருக்கும் அறிவிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கேட்பார்கள். முதல் அறிவித்தல் அந்த ஞாயிறு தொடங்காவிட்டால், கல்யாணம் வைக்காத தபசுகாலம் வந்துவிடும். கல்யாணம் உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு என்று தள்ளிப்போகும். பேச்சுக்கால் தள்ளிப்போனால் என்ன நடக்கும் என்று கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான்

கதையை ஒரு வருஷம் பின்னுக்கு இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்த்துக்கீசன் எங்களுக்குக் கோட்டையை விட்டுப்போனான். அராபியன் பெருக்கமரத்தையும் கழுதையையும் விட்டுப்போனான் என்கிறார்கள். இங்கிலீசுக்காரன் ஒருத்தன் தன் பெயரை என் கழுத்தில் விட்டுப்போனான். ஹொட்ஜ்கின் லிம்போமா.

ஒருநாள் காலை சவரம் செய்யும்போது இடது பக்கக் கழுத்தில், தோள் எலும்புக்குச் சற்று மேலே, புளியங்கொட்டை போல ஒன்று தட்டுப்பட்டது. நோ இல்லை. நோகாத சாமானுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. அது தேசிக்காய் அளவுக்கு வந்த பிறகு போனேன். அதற்குள் உடம்பு முழுக்கச் சொறிய வைக்கிற கடி. விடிய எழும்பினால் பெனியன் பிழிந்தெடுக்கிற மாதிரி வியர்வை. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

முதலில் சயரோகமாக இருக்கலாம் என்றார்கள். சளி இல்லாத மனிதனிடம் சளி கேட்டார்கள். பிறகு அந்தக் கட்டியை முழுசாக வெட்டியெடுத்துச் சோதித்தார்கள். கடைசியில் கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஊசி என்று முடிந்தது. அதில் ஒரு மருந்து சிவப்பு. ஏற்றிவிட்டு மூத்திரம் பெய்தால் நெக்டோ சோடா மாதிரிப் போகும். நல்ல காலம், முன்னமே சொல்லி வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் நோயில் தப்பியவன் பயத்தில் செத்திருப்பேன்.

பார்க்க வந்த சனத்தின் வாய்மொழிகளைத் தனிக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். “மொட்டை உங்களுக்கு வடிவு, முதலே அடிச்சிருக்கலாம்” என்றார் ஒருவர். இன்னொருவர் கழுதைப் பால் குடிக்கச் சொன்னார்.

“கழுதைப் பால் குடிச்ச ஒருத்தருக்கும் கான்சர் வந்ததாக் கேள்விப்படேல்ல, சூசை.”

“கழுதைப் பால் குடிச்ச ஒருத்தரையே நான் கேள்விப்படேல்ல, அண்ணை.”

அவர் கோபித்துக்கொண்டு, கொண்டுவந்த தோடம்பழங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நூறு பேருக்குள் ஒரு கள்ளன்

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை இருந்தார், மட்டக்களப்புப் பக்கம். கேள்வி கேட்டால் எரிந்து விழாத டொக்டரை நான் கண்டது அதுதான் முதல் தரம். ஆகவே கேள்வியை நிறுத்தவில்லை.

“ஐயா, உங்கட கட்டியில நூறு கலம், அதுதான் செல், எடுத்தால் கெட்டது ஒண்டோ ரெண்டோதான்” என்றார் அவர்.

“மிச்சம்?”

“நல்ல கலங்கள். பாக்க வந்தவை.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் மன்னாரான் அல்லவா. செத்த வீட்டில் பிரேதம் ஒன்று, கூட்டம் நூறு. கெட்ட கலம் தன்னைச் சுற்றி ஆள் சேர்க்கிறதாம். இரசாயனத்தில் சேதி எழுதி அனுப்பி, நோயை எதிர்க்க வேண்டிய கலங்களையே வரவழைக்கிறதாம். வந்தவர்கள் கள்ளனைப் பிடிக்காமல் சுற்றிவரக் கதிரை போட்டு இருந்துவிடுகிறார்கள். நான் தேசிக்காய் என்று தடவிப் பார்த்தது கள்ளனை அல்ல, கதிரை போட்ட கூட்டத்தை.

கள்ளன் யார் என்று கேட்டேன். அவனும் எங்கள் ஆள்தான். பி கலம் என்று ஒரு சாதி. நோய்க்கு எதிரான ஆயுதம் செய்வது அதன் தொழில். ஆயுதத்தைத் திறமாக்க வேண்டுமென்று தன் ஜீனையே கொஞ்சம் வெட்டி ஒட்டித் திருத்துமாம். திருத்தம் பிழைத்து ஆயுதமே செய்ய இயலாமல் போனால், மரியாதையாகத் தானே செத்துவிட வேண்டும். அதுதான் சட்டம். என் கழுத்தில் ஒன்று சாகமாட்டேன் என்று நின்றுவிட்டது. உத்தியோகம் பார்க்க இயலாது, கதிரையையும் விடமாட்டேன். இதையும் நான் எங்கேயோ கண்டிருக்கிறேன்.

“எப்பிடி டொக்டர் அது சாகாமல் நிக்குது?”

அவர் என் ரிப்போட்டைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் படம் கீறினார். கலத்துக்குள் ஒரு பொத்தான். அதன் பெயர் என்எஃப் கப்பா பி. ஆபத்து வந்தால் கொஞ்ச நேரம் அமத்தி, “சாகாதே, வேலை செய்” என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டிய பொத்தான். என் கள்ளனில் அது அமத்தினபடி இறுகிவிட்டது. கையைத் தட்டிவிட ஏ-இருபது என்று ஒரு காவலாளி இருக்க வேண்டும். அவனைச் செய்கிற ஜீன் பழுது. பக்கத்தில் ஜக்-ஸ்டட் என்று இன்னொரு கம்பி, அதுவும் ஓயாமல் ‘வளர், வளர்’ என்று அடித்துக்கொண்டிருக்கிறது. அதன் பிறேக்கும் பழுது. சில பேரில் வைரசு ஒன்று புகுந்து பொத்தானில் விரலை வைத்துக்கொண்டிருக்குமாம். என்னில் அது இல்லை. எனக்கு வெளியார் உதவி தேவைப்படவில்லை.

“சரி, பிடிக்கிற ஆக்கள் பக்கத்தில இருந்தும் ஏன் பிடிக்கேல்ல?”

“அது பாஸ் காட்டுது ஐயா.”

இந்த இடத்தில் நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாஸ் என்றால் என்ன என்று தீவில் இருக்கிறவனுக்குப் படிப்பிக்க வேண்டுமா? சண்டைக் காலத்தில் மன்னார்ப் பாலத்தடி ஆமிச் சென்றியில் உண்மையான பாஸை வைத்துக்கொண்டு வெயிலில் அரை நாள் நின்ற ஆட்கள் நாங்கள். இந்தக் கலம் தன் தோலில் பிடி-எல்-ஒன்று என்றொரு பாஸைக் குத்தி வைத்திருக்கிறது. காவல் கலம் அதைக் கண்டதும் “நம்மட ஆள்” என்று துவக்கைத் தாழ்த்திவிடுகிறது. அதுவும் ஒரு பாஸ் அல்ல. ஒன்பதாம் நிறமூர்த்தத்தில், இங்கிலீசில் குரோமோசோம், அந்தப் பாஸைச் செய்கிற ஜீன் இருக்கிற துண்டு, கூடுதலாகப் பல கொப்பி அடிபட்டிருக்கிறது. அந்தத் துண்டிலேயே ஜக்-ரெண்டு என்ற ஜீனும் பக்கத்து வீடு. ஆகவே கள்ளப் பாஸும், வளரச் சொல்கிற கம்பியும் ஒன்றாகக் கூடிவிட்டன.

கொப்பி என்ற சொல்லைக் கேட்டதும் என் தொழில் வந்துவிட்டது. “ஒண்டு எண்டு போட மறந்து பத்து எண்டு அமத்தின மாதிரி?”

“அதேதான் ஐயா.” டொக்டர் பிள்ளை சிரித்தார். பிறகு நான் கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன்.

“எனக்கு ஒரு மகள் இருக்கு. அவளுக்கும் போகுமோ?”

“இந்தப் பிழை எல்லாம் உங்கட கழுத்தில, ஒரு கலத்தில, நீங்கள் வளந்த பிறகு நடந்தது. மகளுக்கு நீங்கள் குடுத்தது அதை இல்லை. நெருங்கின சொந்தத்துக்குச் சாடையாக் கூடின வாய்ப்பு இருக்கு. ஆனால் அதுவும் மிகச் சின்னன். முழுக்க இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன்.”

பொய் சொல்லாத ஆளை நம்பலாம். நான் அன்றைக்கு பஸ்ஸில் வவுனியா தாண்டும்வரை நித்திரை கொண்டேன்.

கண்ணாடியில் மறந்த காகிதம்

அந்தப் படம் கீறின ரிப்போட்தான் வினை.

ஊசி முடிந்து, ஸ்கானில் ஒன்றும் இல்லை என்று வந்து, தலையில் மயிரும் முளைத்த பிறகுதான் ஜூட்டின் பேச்சுக்கால் வந்தது. என் கான்சர் வருத்தம் றோசலின் அக்காவுக்குத் தெரியும். “வருத்தம் ஆருக்குத்தான் வரேல்ல” என்று பெருந்தன்மையாகச் சொன்னவர்.

கிளினிக்குக்குக் கொண்டுபோக ரிப்போட்டின் இரண்டு பக்கத்தையும் ஒருநாள் கொப்பி எடுத்தேன். அப்போது படகுப் போம் கேட்டு ஒருவர் வந்தார். நான் எழும்பிப் போனேன். ரிப்போட் மெஷின் மூடிக்குக் கீழே கிடந்துவிட்டது. ஒரு நாளைக்கு இருபது பேருக்கு “ஒறிஜினலை மறவாமல் எடுங்கோ” என்று சொல்கிறவன் நான்.

அடுத்து வந்தவர் கோயில் மூப்பர். திருநாள் நோட்டீஸ் கொப்பி அடிக்க மூடியைத் தூக்கினார். தூக்கியவர் வாசித்தார். எனக்கு அதில் கோபமில்லை. சனத்தின் காகிதங்களை வாசித்துத்தான் நானும் இவ்வளவு படித்தேன். அவர் அதைப் பக்குவமாக மடித்து என்னிடம் தந்து, “இதுகளை அலுமாரியில பூட்டி வைக்கிறது, சூசை” என்றார். அவர் தன் வாயைப் பூட்டியிருக்கலாம்.

சின்னக்கடையில் அது “சூசையின்ர ஜீன் பழுதாம்” என்று இருந்தது. தாழ்வுப்பாட்டு பஸ்ஸில் “ஜீன் மாறிப்போச்சாம்” என்று ஆனது. பேசாலை போய்ச் சேரும்போது “அந்தப் பரம்பரையே அப்பிடித்தானாம்.” இன்னும் கொஞ்சம் போய்த் தலைமன்னார் இறங்குதுறைவரை எட்டியிருந்தால் நான் சூசையே இல்லை என்று முடிந்திருக்கும்.

மூப்பர் தூக்கின அதே மூடி

ஆகவே, வெள்ளிக்கிழமை. றோசலின் அக்கா கதிரையில் இருந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“அப்பிடி ஒரு போம் இல்லை அக்கா. இன்னும் அடிக்கேல்ல.”

“இல்லையெண்டால் நாளைக்கு என்னெண்டு காகிதம் குடுக்கிறது? கோயிலில எல்லாருக்கும் முன்னால தடை இருக்கோ எண்டு கேப்பினம். நான் தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருக்கிறதோ?”

உள்ளே பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த டிலானி வெளியே வந்தாள். அவள் வந்த நடையிலேயே எனக்குப் பயம் வந்தது.

“மாமி, அப்பான்ர போம் இருக்கட்டும். உங்கட பக்கத்துப் போம் கொண்டந்தனீங்களோ? மாமா சீனி வருத்தத்திலதானே செத்தவர். அதுதான் குடும்பத்தில ஓடுறதெண்டு சொல்லுவினம்.”

வெளியில் நின்ற கழுதைகூட ஒருதரம் திரும்பிப் பார்த்தது போல இருந்தது. றோசலின் அக்கா அவளைக் கீழிருந்து மேல் பார்த்தார். விளைமீன் கூடையில் நண்டு கிடந்தால் பார்க்கிற பார்வை.

“இந்த வாயும் பரம்பரையோ, தம்பி?”

“அது தாய் வழி அக்கா. அதுக்கு ஊசி இல்லை.”

அவர் சிரிக்கவில்லை. கைப்பையின் பூட்டைத் திறந்தார், மூடினார், பிறகும் திறந்தார்.

“பிள்ளை சொன்னது சரி. அவரிட சீனி என்ர மோனுக்கு வருமோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமலே இவ்வளவு காலம் இருந்தாச்சு. அவரை முதல் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் எண்டு வெட்டி வெட்டித் தந்தவங்கள். ஆஸ்பத்திரி வாங்கில நான் இருந்த மாதிரி என்ர மோன் இருக்கக்கூடாது. மனிசிக்காகவும் இருக்கக்கூடாது, பிள்ளைக்காகவும் இருக்கக்கூடாது. அதுக்குத்தான் ஒரு துண்டுக் காகிதம் கேக்கிறன். நக்கலுக்கு இல்லை.”

எனக்கு நாக்கு நுனியில் இரண்டு நக்கல் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன்.

டிலானியின் ஞானஸ்நான அத்தாட்சியை எடுத்து மெஷின் கண்ணாடியில் வைத்தேன். பச்சைப் பொத்தானை அமத்தி, வெளிச்சம் ஓடும்போது வேண்டுமென்றே காகிதத்தை இழுத்தேன். கொப்பி வந்தது. எழுத்தெல்லாம் நெளிந்து, கடலில் விழுந்த நோட்டீஸ் மாதிரி.

“அக்கா, இதுதான் என்ர கழுத்து. ஒரு கொப்பி பிழைச்சுது.”

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கருவாட்டுக்காரி, காயாத இடம் எங்கே என்று பார்க்கிற கண்.

“ஒறிஜினல்?”

மூடிக்கு அடியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவர் விரலால் தடவினார். ஒன்றும் ஆகவில்லை. சுவாமியார் இருபத்தாறு வருஷத்துக்கு முன் வைத்த கையெழுத்து அப்படியே இருந்தது.

“இதிலயிருந்துதான் அக்கா பிள்ளைக்குப் போனது. பழுது அங்க, வேற இடத்தில, எத்தினையோ வருஷத்துக்குப் பிறகு நடந்தது.”

“இந்தப் பிழைச்ச கொப்பியை வைச்சு இன்னும் கொப்பி அடிச்சால்?”

இந்தக் கேள்வியை மூப்பரும் கேட்கவில்லை, விதானையாரும் கேட்கவில்லை. “அடிச்சது அக்கா. அதுதான் கட்டி. அதைத்தான் சிவப்பு மருந்து விட்டு எரிச்சவை.”

“திரும்ப வருமோ?”

“வரலாம். கனபேருக்கு வாறேல்ல எண்டு சொல்லுகினம். வந்தால் எனக்குத்தான்.”

“இவளுக்கு?”

“மற்றாக்களைவிடச் சாடையாக் கூட இருக்கலாமாம். மிகச் சாடை. ஒண்டுமில்லை எண்டு எழுதித் தர என்னால ஏலாது. விதானையாராலயும் ஏலாது. அவர் எழுதித் தந்தால் அது பொய்க் காகிதம்.”

டிலானி சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுடைய ஒரு கை தன் கழுத்தில் இருந்ததை நான் கண்டேன். எத்தனை நாளாக அவள் இப்படித் தொட்டுப் பார்க்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. றோசலின் அக்காவும் அந்தக் கையைக் கண்டார்.

அவர் எழும்பினார். கைப்பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதம் ஒன்றை எடுத்தார். ஜூட்டின் ஞானஸ்நான அத்தாட்சி. உறையைக் கழற்றினார். என்னைத் தாண்டி மெஷினடிக்குப் போய், மூடியைத் தூக்கி, எழுத்து மேலே பார்க்கக் காகிதத்தைக் கண்ணாடியில் வைத்து, மூடி, நான் அமத்தின அதே பச்சைப் பொத்தானைத் தேடி அமத்தினார்.

வெள்ளைத் தாள் வந்தது. ஒரு எழுத்தும் இல்லை.

நான் கதிரையை விட்டு எழும்பப் போனேன். இருங்கோ என்று கையைக் காட்டினார். அந்த வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு நாலாகக் கிழித்து, பழுதான கொப்பிகள் போடுகிற பெட்டிக்குள் போட்டார். மூடியைத் தூக்கி, மகனின் காகிதத்தை எடுத்து, ஊதி, எழுத்துப் பக்கத்தைக் கீழே திருப்பி வைத்து, என் மகளின் அத்தாட்சியையும் டிலானியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வைத்து, இன்னொருதரம் பொத்தானை அமத்தினார்.